உப்பு சொன்ன சாட்சி



தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு உங்கள் வீட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் கடித்தால் சத்தம் வருவதில்லை. மூன்று நாளைக்கு முன் யாரோ டப்பா மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டார்கள். யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. சந்தேகம் என் மேல்தான். எப்படியோ, மொறுமொறுவென்று இருந்தது ஒரே ராத்திரியில் நமுத்துப்போய்விட்டது.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. இந்த நாட்களில் சமையலறையைக் காப்பாற்ற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பளக் கட்டு காற்றுப் புகாத டப்பாவுக்குள் போகும். ரவையை வறுத்து வைப்போம். உப்பு டப்பாவில் நாலு அரிசி விழும். தீப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இடம் மாறும். முறுக்குக்கும் தீப்பெட்டிக்கும் இவ்வளவு பார்க்கிற நாம், பிள்ளைகளை எட்டு மணி நேரம் படுக்க வைக்கிற அறையை மட்டும் ஏனோ கவனிப்பதில்லை.

கவனிக்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

சென்னையில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு வாசகி. கணவர், இரண்டு பிள்ளைகள், அவர் என நான்கு பேருக்கும் ஒரே படுக்கையறை. சின்னவனுக்கு விடியற்காலையில் இருமல், சில நாள் இளைப்பு. டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். "சார், ரூமுக்குள்ள போனாலே ஒரு மக்கின வாசனை. பீரோவுக்குப் பின்னாடி சுவர் கறுப்பா இருக்கு. ஈரத்தை இழுக்கிற மெஷின் வாங்கற நிலைமை இல்ல. ஒரு கிண்ணம் கல்லுப்பு வெச்சா போதும்னு வீடியோவுல சொல்றாங்களே, நிஜமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல மனம் வரவில்லை. "ஒரு வாரம் டைம் குடுங்கம்மா" என்றேன்.

அன்றைக்கு ராத்திரியே ஒரு அகலமான பீங்கான் கிண்ணத்தில் சரியாகக் கால் கிலோ கல்லுப்பை நிறுத்து, எங்கள் படுக்கையறை மூலையில் வைத்தேன். வெளியே விடாத மழை. மூன்றாம் நாள் உப்பின் மேல் பளபளப்பு தெரிந்தது. ஐந்தாம் நாள் கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் தண்ணீர் ஓடியது. எனக்கு ஒரே உற்சாகம். ஏழாம் நாள் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். நாற்பது கிராம் கூடியிருந்தது. "பார்த்தியா, உப்பு வேலை செய்யுது!" என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. குளித்துவிட்டு நான் கட்டில் சட்டத்தில் போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்து தராசில் வைத்தார். அதன் ஜோடித் துண்டு ஒன்று உலர்ந்து மடித்து இருந்தது. அதையும் வைத்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இருநூறு கிராமுக்கு மேல். "ஒரு வாரம் முழுக்க உப்பு இழுத்ததைவிட அஞ்சு மடங்கு தண்ணிய நீங்க ஒரு நாள்ல கொண்டாந்து மாட்டறீங்க. அப்புறம் உப்புகிட்ட நியாயம் கேக்கறீங்க."

இந்த இதழில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. ஆனாலும் ஆசிரியர் பக்கத்தை நிரப்பியாக வேண்டுமே. அதனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

தூங்குகிற ஒரு பெரிய ஆள் மூச்சிலும் தோல் வழியாகவும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் நாற்பது கிராம் தண்ணீரை வெளியே விடுகிறார். எட்டு மணி நேரத்துக்கு முந்நூறு கிராமுக்கு மேல். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், நான்கு பேர் படுக்கிற அறையில் விடிவதற்குள் சுமார் ஒரு லிட்டர். சரி, அறை எவ்வளவு தாங்கும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரி வெப்பத்தில் அந்த அறைக் காற்று முழுக்க முழுக்க நனைந்து நின்றால்கூட, அதில் இருக்கக்கூடிய தண்ணீர் ஒரு லிட்டருக்கும் குறைவு. அதிலும் முக்கால் பங்கு நாம் படுக்கப் போகும் முன்பே மழைக்காற்றால் நிரம்பியிருக்கிறது. மிச்சமுள்ள இடம் ஒரு டம்ளர் அளவுதான். அதில் நாம் ஒரு லிட்டரை ஊற்றுகிறோம். ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்திவிட்டால் அது எங்கே போகும்? மெத்தைக்குள் போகும். தலையணைக்குள் போகும். பீரோவுக்குப் பின்னால் காற்று படாத குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். அந்த ஈரத்தில் பிடித்த பூஞ்சைதான் அந்த வாசகி சொன்ன கறுப்பு.

உப்பின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் சுத்தமான உப்பு தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அதற்குக் கீழே போனால், இழுத்த தண்ணீரை அறைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுக் காய்ந்துவிடும். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத் தொழிலாளர்களுக்கு இந்த மழை மாதங்களில் ஏன் வேலை இல்லை என்று கேட்டுப் பாருங்கள். உப்புக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவை அவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆகவே உப்புக் கிண்ணத்தால் ஒரு அறையை உலர்த்த முடியாது. ஆனால் அது நல்ல சாட்சி. கல்லுப்பு கசிந்து நின்றால், உங்கள் அறையில் ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுப்புக்கரியும் அப்படித்தான். கரி நாற்றத்தைப் பிடிக்கும். ஒரு அறையின் ஈரத்தைப் பிடிக்கும் அளவுக்கு அதற்குக் கொள்ளளவு கிடையாது. பாச்சை உருண்டையும் வசம்பும் பூச்சியை விரட்டும், ஈரத்தை அல்ல. சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குள் பட்டுப்புடவைக்கும் கேமராவுக்கும் உதவும். உப்பு டப்பாவில் போட்ட அரிசி மாதிரி. மூடிய டப்பாவில் நடப்பது திறந்த அறையில் நடக்காது. அறைக்குள் செடி வைத்தால் ஈரம் குறையும் என்று சொல்வதை நம்பாதீர்கள். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் பெரும்பகுதியை அது இலை வழியாகக் காற்றில்தான் விடுகிறது. சாம்பிராணிப் புகை மனசுக்கு இதமானது. ஆனால் இளைப்பு உள்ள பிள்ளை படுக்கிற அறையில் அந்தப் புகை வேண்டாம். அது மக்கிய வாசனையை மறைக்குமே தவிர, ஈரத்தைத் தொடாது.

இதெல்லாம் வெறும் வாசனைப் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லைகளும் மூச்சுக்குழல் தொற்றுகளும் வரும் வாய்ப்பு கூடுகிறது, ஆஸ்துமா மோசமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நனைந்த இடத்தில் பூஞ்சை பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். மெத்தையில் இன்னொரு குடித்தனமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள். அவை நம்மைக் கடிப்பதில்லை. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்கவும் அவற்றுக்குத் தெரியாது. காற்றிலுள்ள ஈரத்தைத்தான் உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நிலைத்து நின்றால் வறண்டு செத்துப்போகும். பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்புவது இவற்றின் எச்சம். விடிந்ததும் அடுக்குத் தும்மல் போடுபவர்கள் வீட்டில் இருந்தால், மெத்தையையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கார்த்திகை மாதத்துச் சென்னையில் ஈரப்பதத்தை இயற்கை வழியில் 50-க்குக் கொண்டுவருவேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளியே காலைக் காற்றே 85, 90 என்று நிற்கிறது. நம்மால் முடிவது, நாம் சேர்க்கிற ஈரத்தைக் குறைப்பது. சேர்ந்ததற்கு வெளியே போக வழி விடுவது. இந்த இரண்டும் நடந்தாலே அறை மாறிவிடும்.

முதலில், சேர்ப்பதைக் குறைப்போம். படுக்கையறையில் கட்டிய கொடியை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். ஒரு நடை வாஷிங் மெஷின் துணி காய்ந்து முடிவதற்குள் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடும். மழை நாளில் வேறு இடம் இல்லையே என்றால், கூடத்தில் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் காயப்போடுங்கள். மெஷினில் இன்னொரு முறை பிழிந்து எடுத்தால் கொஞ்சம் வேலை அங்கேயே முடிந்துவிடும். ஈரத் துண்டுக்குக் கட்டிலில் இடம் கிடையாது. எங்கள் வீட்டில் இது இப்போது சட்டம். தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு படுத்தால் அந்த ஈரம் தலையணைக்குப் போகும். அறையை ஒட்டிக் குளியலறை இருந்தால், குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, அறைப்பக்கக் கதவைச் சாத்தி, வென்டிலேட்டரைத் திறந்து வையுங்கள். தரையைத் துடைப்பது மாலையில் வேண்டாம். மழை விட்ட பகல் நேரத்தில், மாப்பை ஒட்டப் பிழிந்து துடைத்தால் போதும். இட்லிக் கொப்பரையும் குக்கரும் விடுகிற ஆவி சமையலறை ஜன்னல் வழியாகவே வெளியே போகட்டும்.

அடுத்தது, வழி விடுவது. "மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதானே வரும்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் வேறு. வெளியே 24 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, உள்ளே வந்து 28 டிகிரிக்குச் சூடானால், அதே தண்ணீரோடு சுமார் 71 சதவீதம் ஆகிவிடும். சூடான காற்றுக்குத் தாங்கும் சக்தி அதிகம். ராத்திரி முழுக்க நாம் மூச்சு விட்டு நிரப்பிய அறைக் காற்றைவிட அது எவ்வளவோ மேல். அதனால் எழுந்ததும் முதல் வேலையாக, சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலையும் எதிரே உள்ள கதவையும் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். எதிரெதிராக இரண்டு வழி இருந்தால்தான் நடந்து போகும். எதிர் ஜன்னலே இல்லாத அறையா? மேசை விசிறியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்து, உள்காற்றை வெளியே தள்ளுங்கள். தலைக்கு மேல் சுற்றுகிற விசிறி நம் வேர்வையை ஆற்றும். ஆனால் மூடிய அறையில் ஒரு துளி ஈரத்தையும் அதனால் வெளியேற்ற முடியாது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற நாளில், பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை எல்லாவற்றையும் விரியத் திறந்துவிடுங்கள்.

ஆறு மணியானால் கொசுவுக்குப் பயந்து ஜன்னலை அடைக்கிறோம். நியாயம்தான். வலை அடித்துவிட்டால் அந்தப் பயம் வேண்டாம். ஏற்கெனவே வலை அடித்திருந்தால் விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டு வலையில் என் விரல் கறுப்பானது. வருஷக்கணக்கில் தூசி அடைத்து, அது வலையாக இல்லாமல் சுவராகவே மாறியிருந்தது. கழற்றிக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்து மாட்டிய அன்றைக்குத்தான் அந்த ஜன்னலுக்குக் காற்று வரும் என்பதே தெரிந்தது.

பீரோவையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கை நுழைகிற அளவுக்காவது இடைவெளி வேண்டும். கட்டிலுக்கு அடியில் அடுக்கிய சூட்கேஸ்களுக்கு வேறு இடம் பாருங்கள். எழுந்த உடனே படுக்கையை விரித்து மூடி அழகாக்குவது நல்ல பழக்கம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இந்த மாதங்களில் மட்டும் அரைமணி நேரம் போர்வையை விலக்கி, மெத்தையை விசிறிக் காற்றில் ஆறவிட்டு அப்புறம் மூடலாம். தரையில் மெத்தை போட்டுப் படுப்பவர்கள் தினமும் அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கம் பூசணம் பூத்துவிடும். ராத்திரி பாயை விரித்து, காலையில் சுருட்டி மூலையில் நிறுத்திய நம் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் போட்டுத் தடியால் அடித்துத் திருப்பிப் போட்ட நாட்கள் என் நினைவில் இருக்கின்றன. வெயிலின் சூட்டிலும் வறட்சியிலும் தூசிப் பூச்சிகள் சாகும். ஃபோம் மெத்தையை மாடிக்குத் தூக்க முடியாது, சரி. தலையணையையும் போர்வையையுமாவது வெயில் கண்ட அன்றே மாடியில் போடலாமே. உறைகளை 55, 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் மிச்சம் இருப்பவையும் போய்விடும்.

இத்தனையும் செய்து ஈரம் போகவில்லை என்றால், தண்ணீர் சுவரிலிருந்தே வரலாம். அதற்கு ஒரு சுலபமான சோதனை. ஈரமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் மேல்பக்கம் வேர்த்திருந்தால் குற்றவாளி அறைக் காற்று. பிரித்துப் பார்க்கையில் சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால், சுவருக்குள் ஓதம் ஏறியிருக்கிறது. கீழிருந்து ஏறும் ஓதமா, மறைந்து ஓடும் குழாய்க் கசிவா, வெளிச்சுவரை ஒட்டி மண் மேடிட்டுத் தண்ணீர் தேங்குகிறதா என்று கொத்தனாரை வைத்துப் பார்க்க வேண்டும். வாடகை வீடென்றால் அந்தத் தாளைப் பிரிக்கும்போது வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். நாம் பத்து முறை சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

கறுப்பு பிடித்த இடத்தின் மேல் அவசரமாகப் பெயின்ட் அடிக்காதீர்கள். அடுத்த மழைக்குள் அது பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் அதன் விதைத் துகள் அறை முழுக்கப் பறக்கும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு இடத்தை நன்றாக உலரவிடுங்கள்.

இதை எழுதும்போது சுண்ணாம்பு ஞாபகம் வருகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். பிளாஸ்டிக் பெயின்ட்டைப்போல் அடைத்துவைக்காது. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையால் பிழைக்க முடியாது. ஆனால் நாள்பட நாள்படக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அந்தக் காரம் குறைந்துகொண்டே வரும். அதனால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். நம் ஊர்களில் எப்போது வெள்ளையடிப்போம்? பொங்கலுக்கு. மழை மாதங்கள் முடிந்து, வெயில் ஏறி, சுவர் உலர்ந்து நிற்கிற நேரம். போகிக்கு வீட்டை ஒழித்துப் பழைய பாயையும் தலையணையையும் வெளியே எடுப்பதும் அதே வாரம்தான். பண்டிகை என்று சொல்லித்தான் இந்த வேலைகளைச் செய்தோம். வீடு அதில் ஆரோக்கியமாக இருந்தது.

எட்டாம் நாள் அந்த வாசகியைக் கூப்பிட்டேன். உப்பு போதாது என்பதையும், என் துண்டுக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். சிரித்துவிட்டு, "எங்க ரூம்லயும் கொடி இருக்கு சார், ஜன்னலுக்குக் குறுக்கால" என்றார். சின்னவனின் மருந்தை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அறையைப் பற்றி டாக்டரிடமும் சொல்லுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். கொடி கூடத்துக்குப் போய்விட்டது. பீரோவை நகர்த்தி, சுவரைத் துடைத்தாகிவிட்டது. காலையில் ஜன்னல் திறக்கிற வேலை பெரிய பெண்ணுடையது. சின்னவனுக்கு இருமல் குறைந்த மாதிரி இருக்கிறது, இன்னும் முழுசாகப் போகவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். பிறகு, "சார், நானும் உப்புக் கிண்ணம் வெச்சுப் பாத்தேன், இன்னும் எடுக்கல. ஜன்னல் ஓரமா வெச்சிருக்கேன். நேத்து மழை இல்ல. சாயங்காலம் பார்த்தா, விரல்ல ஒட்டல. சலசலன்னு இருந்துச்சு" என்றார்.

நீங்களும் ஒரு கிண்ணம் வையுங்கள், கண்ணில் படுகிற இடத்தில். அது கசிந்தால் கொடியைப் பாருங்கள், துண்டைப் பாருங்கள், ஜன்னலைப் பாருங்கள்.

முறுக்கு விஷயத்தில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் டப்பாவை நான்தான் அழுத்தி மூடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்